பாதியில் விட்டவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செயலியில் கணக்கு வைத்து, தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் (அடிகள்) நடக்க வேண்டும் என்று நாம் கூட்டிய நடைச் சவால் குழுவில், சில வாரமாக அந்தச் செயலியைத் திறக்காதவர்களின் பெயர்களைச் சிவப்பில் வரிசையாகப் போட்டு, மேலே 'பாதியில் ஓடியவர்கள்' என்று தலைப்பும் வைத்தார்களே, அதுதான். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது போல ஒரு வேலை. அதற்குக் கீழே எத்தனை சிரிப்பு எமோஜி! அந்த வரிசையில் என் அக்கா பெயரும் இருக்கிறது. அதனால்தானே உனக்கு இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான். ஆனால் அவள் பெயர் அங்கே இல்லாவிட்டாலும் அது தப்புதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. உடற்பயிற்சிச் செயலியைப் பாதியில் விடுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. பெரும்பாலும் அந்தச் செயலியும், அதைச் சுற்றி நாம் கூட்டிய குழுவும்தான் அவர்களை விட வைக்கின்றன.

இது அக்காவுக்காக நான் கண்டுபிடித்த சமாதானம் இல்லை. இணையவழிச் சுகாதாரத் திட்டங்களில் சேருகிறவர்களில் பெரும்பகுதியினர் பாதியில் விலகிவிடுவதைப் பற்றி 2005லேயே குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். விலகுவது இந்தத் துறையின் இயல்பு, அதை ஒளித்துவைக்காமல் ஏன் விலகுகிறார்கள் என்று ஆராயுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. நம் குழுவில் அந்த 'ஏன்' என்ற கேள்வியை ஒருவரிடமாவது கேட்டார்களா? ஒரு போன்? ஒரு மெசேஜ்? நேரே பட்டியல்.

கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். ராத்திரி பதினொன்றரைக்குச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், இருட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறாள். கையில் போன், தோளில் போர்வை. என்ன பண்ணுகிறாய் என்று கேட்டதற்கு, "இன்னும் எண்ணூறுதான் இருக்கு, பன்னிரண்டு மணிக்குள்ள முடிச்சுடுறேன், இல்லேன்னா ஸ்ட்ரீக் போயிடும்" என்றாள். ஸ்ட்ரீக் என்றால் ஒரு நாளும் விடாமல் இலக்கை முடித்த நாட்களின் எண்ணிக்கை. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. பீரோவைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினாள். அன்றைக்கு முடித்தாள். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. பல மாதம் சேர்த்த எண் பூஜ்யம் ஆயிற்று. உடம்பு தேறிய பிறகு செயலியைத் திறந்தவள், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். அதற்கப்புறம் திறக்கவில்லை. இவளையா ஓடிப்போனவள் என்கிறீர்கள்?

ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடும் என்பது உண்மையும் இல்லை. பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பழக்கம் படிய 66 நாள் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்களே, அது அங்கே வந்த சராசரி. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது என்பதை யாரும் சொல்வதில்லை. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆக, உடம்பு மன்னிக்கிறது, செயலிதான் மன்னிப்பதில்லை. ஆப்பிள் வாட்ச் வந்தது 2015ல். அன்றைய உடல் இயக்க இலக்கு எவ்வளவு முடிந்தது என்று வளையங்களாக அது காட்டும். நோய், ஓய்வு என்று வந்தால் அந்த வளையங்களை நிறுத்திவைக்கும் வசதி வந்தது 2024ல். மனிதருக்குக் காய்ச்சல் வரும் என்பதை ஏற்றுக்கொள்ள ஒன்பது வருடம்.

அந்தப் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கணக்கும் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965ல், ஜப்பானில் 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரில் விற்பனைக்கு வந்த நடைமானியோடு (அடிகளை எண்ணும் கருவி) பரவிய எண் அது. 2019ல் ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். நாளுக்கு 2,700 ஸ்டெப்ஸ் அளவில் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் கணிசமாகக் குறைவு. சுமார் 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. வயதானவர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே பத்தாயிரம் என்று நம் குழுவில் வைத்தது யார், எதற்காக? முடியாத இலக்கை வைப்பது நீங்கள், முடியாமல் போனால் அவமானம் மட்டும் அவர்களுக்கா?

'போட்டியும் பரிசும் இல்லாவிட்டால் யார் நடப்பார்கள்' என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து பாடம் எடுத்தார். அவருக்காகவே இது. சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். நடையை அளக்கும் கருவி கொடுத்தார்கள், ஒரு பிரிவினருக்கு நடந்தால் ஆறு மாதத்துக்குப் பணமும் கொடுத்தார்கள். பணம் வந்தவரை நடந்தார்கள். நின்றதும் நடையும் பழைய நிலைக்கே வந்துவிட்டது. வருட முடிவில் அந்தக் கருவியை அணிந்துகொண்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். காசுக்கே இந்தக் கதி என்றால், செயலி பரிசாகத் திரையில் காட்டும் பேட்ஜுக்கு என்ன ஆகும்?

சிலருக்கு லீடர்போர்டு, அதாவது யார் அதிகம் நடந்தார்கள் என்ற தரவரிசைப் பட்டியல், பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொள்ளட்டும். 'சும்மா விளையாட்டுக்குப் போட்டோம்' என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

'அப்படியானால் செயலியே வேண்டாம் என்கிறாயா?' இல்லை. எங்கள் அம்மா இன்னும் ஒரு செயலி வைத்திருக்கிறார். சர்க்கரை அளவைக் குறித்துவைக்க. ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு அளந்து பார்த்தார். வழக்கமாக வரும் எண்ணைவிடக் குறைவாக இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளும் நடந்தார். அவருக்கு யாரும் பேட்ஜ் தரவில்லை. நோட்டிபிகேஷனை என்னிடம் கொடுத்து அணைக்கச் சொல்லிவிட்டார். நடுவில் சில நாள் குறிக்க மாட்டார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் கேட்ட கேள்விக்கு அந்தச் செயலி பதில் சொல்கிறது, அதனால் வைத்திருக்கிறார். டெசி, ரயன் என்ற இரு உளவியலாளர்கள் இதைத்தான் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நானே தேர்ந்தெடுத்தது, என்னால் முடிகிறது, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் மனிதர் தானாகத் தொடர்வார். நம் குழு இந்த மூன்றில் எதை அக்காவுக்குக் கொடுத்தது? இலக்கு உங்களுடையது, அவளால் முடியவில்லை என்று ஊருக்கே சொன்னீர்கள், ஆட்கள் என்று நம்பியவர்கள் சிரித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. அக்கா காலையில் எழுந்ததிலிருந்து உட்காருவதில்லை. அடுப்படி, மாடி, துணி காயப்போடும் இடம், மறுபடி அடுப்படி. அப்போதெல்லாம் போன் மேஜைமேல் சார்ஜில் கிடக்கும். அந்த நடை எதுவும் கணக்கில் வராது. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்க வேண்டும், அதுதான் 'நடை'. லீடர்போர்டில் மேலே இருப்பவர்களில் எத்தனை பேருக்குச் சாப்பாடு தட்டில் வந்து சேர்கிறது, எத்தனை பேர் அந்த நேரத்தில் நிம்மதியாக நடக்கப் போகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நடக்க நேரம் கிடைப்பதே ஒரு வசதி. அந்த வசதி இருப்பவர் இல்லாதவரைப் பார்த்து ஒழுக்கம் பற்றிப் பேசுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செயலியை விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஏன் விட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். உடம்பு முடியாமலா, நேரம் இல்லாமலா, தினமும் வந்த நோட்டிபிகேஷன் தாங்காமலா, வேண்டிய பழக்கம் வந்துவிட்டதால் இனி தேவையில்லை என்றா, எதுவானாலும் சரி. உங்களை இதுவரை யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அங்கே வந்து யாராவது சிரிப்பு எமோஜி போட்டால் பிளாக் செய்வேன், அதில் சொந்தபந்தம் பார்க்க மாட்டேன்.