பெரிய ஜெட் போட்டால் வண்டி மலையேறுமா?

"நுவரெலியாவில் காற்று குறைவு, காட்டுப்பாதை வண்டிக்குக் கட்டிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெரிய மெயின் ஜெட் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. முதல் பாதி சரி, முடிவுதான் தலைகீழ். மெயின் ஜெட் என்பது, காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளை.

நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரம். கொழும்பைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் அந்த அளவுக்குப் பெற்றோலைக் குறைக்காது. கலவை ஏற்கெனவே தடித்திருக்கும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் அதிகம். அதற்குமேல் பெரிய ஜெட் என்றால், தேயிலைத் தோட்ட ஏற்றத்தில் வண்டி இருமும், கழற்றினால் ஸ்பார்க் பிளக் கரியப்பி ஈரமாக வரும். வேண்டியது சிறிய ஜெட். பிளக்கின் பீங்கான் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வரட்டும்.

அதே சிறிய ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கிவிடாதீர்கள். அங்கே காற்று அடர்த்தி, அது விடும் பெற்றோல் போதாது. ஒயில் கலந்து ஊற்றும் எஞ்சினில் பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும்.