பச்சைத் துணி விரித்த ஞாயிறுகள்

போன ஞாயிறு முதல் ஆராதனைக்குப் போனால் எங்கள் பக்கத்தில் ஐந்து பெஞ்சு காலி. ஈஸ்டர் அன்று அதிகாலை நாலு மணிக்கு இடமில்லாமல் வெளியே பந்தல் போட்டு நாற்காலி போட்ட அதே கோயில்தான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் சபை ஆண்டில், அதாவது பண்டிகைகளை வைத்து ஓடும் கோயில் நாட்காட்டியில், நாம் இருக்கிற இந்தப் பண்டிகை இல்லாத காலத்தைப் பற்றி மனசில் ரொம்ப நாளாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசக் காலமான லெந்து வந்தால் எல்லோருக்கும் தெரியும். சாம்பல் புதன், வீட்டில் கறி மீன் கிடையாது, வெள்ளிக்கிழமை தியானம், குருத்தோலை ஞாயிறு பவனி, பெரிய வெள்ளி மத்தியானம் 12 மணியிலிருந்து 3 மணி வரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள், அப்புறம் ஈஸ்டர். டிசம்பரும் அப்படித்தான். கீத பவனி, கிறிஸ்துமஸ், 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை, கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை. இந்த நாட்களிலெல்லாம் ‘புதிதாக்கும் ஆண்டவரே’ என்று அழுது ஜெபிக்கிறோம், உண்மையாகவே அழுகிறோம். ஆனால் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தே முடிந்து, அதற்கு அடுத்த வாரம் வரும் திரித்துவ ஞாயிறும் முடிந்து, பீடத்தில் இந்தக் காலத்துக்கு உரிய பச்சைத் துணி விரித்த பிறகு என்ன நடக்கிறது? திரித்துவத்துக்குப் பின் வரும் முதலாம் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டே போவது, ஈஸ்டர் எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து, 22 முதல் 27 ஞாயிறு வரை நீளும். வருஷத்தில் ஏறக்குறைய பாதி. இந்தப் பாதிக்கு நம்மிடம் ஒரு பாட்டும் இல்லை, ஒரு பலகாரமும் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2019இல் அப்பா படுக்கையில் இருந்தார். அந்த வருஷ லெந்தை நான் இருந்ததுபோல் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. ஒரு வேளை சாப்பாடு, காலையும் இரவும் முழங்கால், நாற்பது நாளும் ஒரே விண்ணப்பம். ஈஸ்டர் அன்று அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஜூலையில் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போனது அம்மாவுக்காகத்தான். அவர்களைத் தனியாக அனுப்ப முடியாது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்காருவேன். வாய் திறக்காது. பாட்டு இல்லை, விசுவாசப் பிரமாணம் வரும்போது எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். அந்த ஞாயிறுகளில் விசேஷமாக ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் போதகரான ஐயர் உவமைகளைப் பிரசங்கித்தார், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மணி அடித்தார், சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசித்தோம், காணிக்கைப் பை வந்து போனது. யாரும் என்னிடம் சாட்சி சொல்லச் சொல்லவில்லை, கையை உயர்த்தச் சொல்லவில்லை. அழுகிறாயா, ஜெபிக்கிறாயா, தேறிவிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு எழுப்புதல் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தால் நான் விசுவாசத்தை விட்டே போயிருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

செப்டம்பரில் 12ஆம் ஞாயிறு. எங்கள் முதல் ஆராதனை இன்னும் பழைய முறைதான், அந்தந்த ஞாயிறுக்கு என்று இருக்கிற சுருக்க ஜெபத்தை விடாமல் வாசிப்பார்கள். ஆங்கிலேய மிஷனரிகள் நம்மூருக்குக் கொண்டுவந்த ஜெபப் புத்தகத்தில் அந்த ஞாயிறுக்கு உரிய ஜெபம், நாங்கள் ஜெபிக்க ஆயத்தமாக இருப்பதைவிட அதைக் கேட்க நீர் எப்போதும் அதிக ஆயத்தமாக இருக்கிறீர் என்று கடவுளைப் பார்த்துத் தொடங்கும். சின்ன வயசிலிருந்து எத்தனையோ முறை காதில் விழுந்த வரிதான். அன்றைக்கு எனக்குள் போனது. இரண்டு மாசமாக நான் ஜெபிக்கவே இல்லை, ஆனாலும் அவர் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் இந்தப் பெஞ்சில் நான் சும்மா உட்கார்ந்திருந்ததும் கணக்கில் உண்டு என்று தோன்றியது. பெரிய ஒளி ஒன்றும் தெரியவில்லை. அக்டோபரில் ஒரு நாள் பரமண்டல ஜெபத்தை சபையாரோடு சேர்ந்து நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில்தான் கவனித்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்கள்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஒரு உவமை இருக்கிறது. விதைத்தவன் ராத்தூங்கிப் பகலில் எழுந்திருக்கிறான், விதை எப்படி முளைத்து வளர்கிறது என்று அவனுக்கே தெரியாது. எங்கள் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாபநாசம் அணையில் ஜூனில் தண்ணீர் திறந்தால் கார் பருவ நெல் நடவு, திரித்துவ ஞாயிறும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். வயலும் பச்சை, பீடமும் பச்சை. இந்த நிறத்தைத் தேர்ந்தவர்கள் நம் வயலைப் பார்த்துத் தேர்ந்திருக்க மாட்டார்கள், ஆனால் நமக்கு இதைவிடப் பொருத்தமாக இருக்க முடியாது. நட்ட மறுநாள் போய் நாற்றைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று எந்த விவசாயியும் பார்க்க மாட்டான். நாம்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் நம் விசுவாசத்தைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

லெந்து கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். நாற்பது என்கிறோமே, மிச்சம் ஆறு? அவை ஞாயிறுகள். ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் உபவாசக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. லெந்துக்குள் வருகிற ஞாயிறுக்கே அந்த மரியாதை என்றால் ஆகஸ்டில் மழைத்தூறலில் நாற்பது பேர் மட்டும் வந்து உட்காருகிற ஞாயிறும் ஈஸ்டர்தானே. பந்தல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐயர்மாரிடமும் சபைப் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கூட்டம் குறைகிறதே என்ற கவலையில் இந்த ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, வாலிபர் ஞாயிறு, பெண்கள் ஞாயிறு, விசேஷப் பேச்சாளர், மேடை, பேனர் என்று நிரப்புகிறீர்கள். சிலது வேண்டியதுதான், தெரியும். ஆனால் எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். அழுது களைத்துப் போய் ஒருத்தி வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போக, வருஷத்தில் சில வெறும் ஞாயிறுகள் இருக்கட்டும். எனக்கு அது இருந்தது.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சனிக்கிழமை ராத்திரி ஜெபம் முடிந்ததும் நாளைக்கு எத்தனையாவது ஞாயிறு என்று கேட்பார்கள், நான் சபை நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வேன். நாளை 9ஆவது. இரண்டு பேர் வேதாகமத்திலும் அடையாளச் சீட்டு வைத்தாயிற்று.