ஆடி பதினெட்டும் ஒரு நாள் கூலியும்

ஆடி மாதம் பாதி தாண்டினால் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஒரே கேள்விதான். "பதினெட்டுக்கு லீவு விட்டாச்சா?" ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்த செய்தி வந்ததும் ஆளாளுக்குப் பகிர்வார்கள். நானும் பகிர்வேன். பென்னாகரத்துக்காரனுக்கு ஒகேனக்கல்லில் ஒரு முழுக்குப் போடாமல் ஆடி கழியாது.

அந்த அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்திருக்கிறீர்களா? இது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படியான விடுமுறை அல்ல என்று இருக்கும். அந்தச் சட்டப்படி அறிவித்தால்தான் வங்கிக்கும் விடுமுறை, அதனால் வங்கி திறந்திருக்கும். பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் இந்த விடுமுறைக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை வேலை நாள். அவசர வேலைக்காகக் கருவூலத்தில் சிலர் இருப்பார்கள். ஆக, அரசு ஊழியருக்கு வேலை நாள்தான் இடம் மாறுகிறது, சம்பளம் குறைவதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தினக்கூலிக்காரருக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

என் அம்மா அடுத்தவர் தோட்டத்தில் சாமந்தி பறித்துத்தான் எங்களை வளர்த்தார். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் விடியுமுன்னே போய்விடுவார், ஆயுத பூஜை சமயத்தில் பேசக்கூட நேரம் இருக்காது. பண்டிகை முடிந்த மறுநாள் பூ விலை விழுந்துவிடும், பறிக்க ஆள் கூப்பிட மாட்டார்கள். அதே நாளில் பள்ளிக்கும் விடுமுறை என்றால் எங்களுக்குச் சத்துணவும் இல்லை. "நாளைக்கும் லீவாடா?" என்று அம்மா கேட்கும்போது அந்தக் குரலில் இருந்தது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுப்பில் என்ன வைப்பது என்ற கணக்கு அது. இன்று பள்ளியில் காலை உணவும் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் விடுமுறை நாளில் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டை வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் நான் ஓசூருக்கு வேலைக்குப் போனேன். காண்ட்ராக்ட் ஆள். முதல் வருடம் ஆகஸ்ட் 15க்குக் கூலி வரவில்லை. கேட்டதற்கு, "வேலை பார்க்காத நாளுக்கு எப்படிப்பா கூலி?" என்றார் மேஸ்திரி. நியாயம்தானே என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன். சட்டம் வேறு சொல்கிறது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958 முதல் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு பண்டிகை நாட்கள் ஐந்து. மொத்தம் 9 நாளும் கூலியோடு கூடிய விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, இல்லாவிட்டால் அன்றைய கூலியோடு வேறொரு நாள் விடுமுறை. அந்த ஐந்தும் எவை என்பதில் தொழிலாளர்களும் தங்கள் கருத்தைச் சொல்லலாம்.

நான் கேட்பது இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கம்பெனிகளில் அந்த ஐந்தில் ஒன்றாக ஆடி 18 இருக்கட்டும். கூலி பிடிக்காத ஆடி 18. புதுத்தாலிக் கயிறு மாற்ற ஒகேனக்கல்லுக்கும் தீர்த்தமலைக்கும் அனுமன் தீர்த்தத்துக்கும் போகிற இளம் ஜோடிகளில் பலர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஆற்றங்கரையில் மீன் வறுப்பவர்களுக்கும் பரிசல் ஓட்டுபவர்களுக்கும் வருமானம் வருவதே இவர்களால்தான். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அவர்கள் பாடு தனி, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவில் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டோம். ஓசூர், பர்கூர், பாலக்கோடு பக்கம் வேலை பார்ப்பவர்கள் உங்கள் கம்பெனிப் பட்டியலில் இருக்கும் ஐந்து நாள் எவை, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அன்று கூலி உண்டா என்று கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், ஊர் போதும்.