பக்கத்தில் பெரிய லீக் இருந்தால் சின்ன அணிக்குக் கூட்டம் வராதா?

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக் மேஜர் லீக், அதற்குக் கீழே உள்ளவை மைனர் லீக். "மேஜர் லீக் பேஸ்பால் நகரத்துக்கு 50 கிலோமீட்டருக்குள் மைனர் லீக் அணி பிழைக்காது, அட்லாண்டா பக்கத்து குவின்னெட்தான் சாட்சி" என்று ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. குவின்னெட் அணிக்குக் கூட்டம் குறைவு, உண்மை. காரணம் தூரம் மட்டும் இல்லை. மைதானம் லாரன்ஸ்வில் புறநகரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ரயில் கிடையாது, கார் இல்லாமல் போக முடியாது.

மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் செயின்ட்ஸ் அணியைப் பாருங்கள். மேஜர் லீக் அணியான மினசோட்டா ட்வின்ஸின் மைதானத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். இரண்டு மைதானங்களுக்கும் ஒரே கிரீன் லைன் ரயிலில் போகலாம். 2015இல் திறந்த செயின்ட்ஸ் மைதானமான சிஎச்எஸ் ஃபீல்டில் இருக்கை 7,210. முதல் சீசன்களின் சராசரிக் கூட்டம் 8,000ஐத் தாண்டியது, மிச்சப் பேர் புல்மேட்டிலும் நின்றபடியும் பார்த்தார்கள். அப்போது அது எந்தப் பெரிய அணியோடும் சேராத தனி அணி, 2021இல்தான் ட்வின்ஸின் டிரிபிள்-ஏ (மைனர் லீக்கின் மேல்நிலை) இணைப்பு அணி ஆனது. அங்கே நடுவருக்குப் பந்து கொண்டுவருவது நிஜப் பன்றிக்குட்டி! ட்வின்ஸ் ஆட்டத்தோடு போட்டி போடாமல் வேறு விதமான வேடிக்கையை விற்றார்கள்.

இன்னொன்று: அறிவிக்கப்படும் வருகை எண்ணிக்கை பெரும்பாலும் விநியோகித்த டிக்கெட் கணக்கு, வாசலில் நுழைந்த தலைக்கணக்கு இல்லை. வராதவர் வாகன நிறுத்தக் கட்டணமும் தரமாட்டார், ஹாட் டாக்கும் வாங்கமாட்டார். இணைப்பு அணிகளில் வீரர் சம்பளத்தைத் தாய் அணியே கொடுப்பதால், கூட்டம் குறைந்த உடனே கடையை மூட வேண்டியதும் இல்லை.