ரத்து செய்யவில்லை, குறைத்தார்கள்

"கொரோனா காலத்தில் மகாராஷ்டிரம் முத்திரைத் தீர்வையை (வீடு வாங்கிப் பத்திரம் பதியும்போது அரசுக்குக் கட்டும் வரி) அடியோடு எடுத்துவிட்டது, வீட்டுச் சந்தை நிமிர்ந்தது, வடசென்னைத் தண்டையார்பேட்டையில் விலைபோகாமல் கிடக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் அதுதான் வழி" என்று மேலே கருத்து எழுதிய அண்ணன் அடித்துச் சொல்கிறார். எடுக்கவில்லை. மும்பையில் 5 சதவீதமாக இருந்ததை 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 2 ஆகவும், 2021 மார்ச் வரை 3 ஆகவும் குறைத்தார்கள். பிறகு சலுகை முடிந்தது. கெடு இருந்ததால்தான் வீடு வாங்க அந்தக் கூட்டம். பிறகு வாங்கவிருந்தவர்கள் பலர் முந்திக்கொண்டார்கள். அப்போது வீட்டுக் கடன் வட்டியும் இறங்கியிருந்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை.

நம் தமிழ்நாட்டில் பழைய அடுக்குமாடி வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. 40 லட்சத்துக்கு 3.60 லட்சம். சுமைதான், மறுக்கவில்லை. மும்பை போலவே 3 சதவீதம் குறைத்தால் மிச்சம் 1.20 லட்சம். ஆனால் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்) கிடைக்காத, ஐந்து வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கும் ராயபுரத்து வீட்டுக்கு எந்த வங்கி கடன் தரும்?

இன்னொன்று, அண்ணே. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றை ஏற்றிவிடுகிறார்கள். இங்கே 2017இல் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பு) 33 சதவீதம் குறைத்த கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். அது 2 ஆனது 2023இல், வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏற்றியபோதுதான்.