அப்பிவிட்டுப் போறதுக்குப் பேர் அடைக்கிறது இல்ல

மூணு தடவை அடைச்ச விரிசல் இன்னைக்குக் காலையில மறுபடி வாயைத் திறந்துடுச்சு. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல. நகத்தை வச்சுப் பார்த்தேன், விரல் நுனியே உள்ள போகுது. கீழே தரையில பெயிண்ட் செதிலும் ஈர மணலும். எறும்புங்க வரிசை கட்டி அந்த வழியா போறதும் வர்றதுமா இருக்கு. மூணு தடவை ஆள் வச்சு அதுங்களுக்குத்தான் வாசப்படி கட்டிக் கொடுத்திருக்கேன் போல.

முதல்ல வந்தவர் தூரத்துல நின்னே தீர்ப்பு சொல்லிட்டார். "சின்ன கேப்புதாங்க, சிமெண்ட் பால் விட்டா அடங்கிடும்." வெறும் சிமெண்ட்டைத் தண்ணியில கரைச்சு உள்ள தேய்ச்சுவிட்டுக் கையைக் கழுவிட்டார். காயும்போது ரொம்பச் சுருங்குறதே மணல் சேராத அந்தச் சிமெண்ட் பால்தான். கலவையில மணல் போடுறது என்ன அழகுக்கா? அந்தச் சுருக்கத்தை அடக்கத்தானே! காஞ்சதும் அடைச்ச கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு புதுக் கோடு. ஒரு விரிசலைக் கொடுத்து ரெண்டா வாங்கிக்கிட்டேன்.

ரெண்டாவது ஆள் பட்டி அடிச்சார். அறைக்குள்ள சுவர் வழவழன்னு இருக்கப் பூசுற பட்டியை, மழை நேரா அடிக்கிற வெளிப்பக்கத்துல! அது எத்தனை நாள் நின்னுச்சுன்னு சொல்லக்கூட வெக்கமா இருக்கு. மூணாவது சிலிக்கான், சந்தை அடைக்க டியூப்ல வர்ற ரப்பர் மாதிரிப் பசை (சீலண்ட்). அதைத் தனியா திட்டணும், வர்றேன்.

எனக்கு வயிறு எரியுறது பணம் போனதுக்கு இல்ல. மூணு பேர்ல ஒருத்தர் கூட "இந்த இடத்துல ஏன் விரிசல் வருது"ன்னு கேக்கல. கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஜன்னல் சட்டம் அலுமினியம். வெயில்ல 30 டிகிரி சூடு ஏறினா 1.5 மீட்டர் நீள அலுமினியம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். அதே நீளத்துக்குச் செங்கல் சுவர் அதுல கால் பங்குதான் நீளும். ராத்திரி ரெண்டும் பழைய அளவுக்குச் சுருங்கும். தினமும் இந்த இழுபறி. நடுவுல மாட்டின சிமெண்ட் என்ன பண்ணும்? அதுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுபடத் தெரியாது. உடையத்தான் செய்யும். அசையுற இடத்துல அசையாத பொருளை வச்சு அடைச்சுட்டு, "வீடு செட்டில் ஆகுதுங்க"ன்னு ஒரு சமாதானம் வேற. வீடு எப்பவோ செட்டில் ஆயிடுச்சு, நான்தான் இன்னும் ஆகல.

சரி, சட்டத்தை விடுங்க. இந்தச் சுவரையாவது ஒழுங்கா கட்டினாங்களா? போன மாசம் பூச்சு உதிர்ந்த இடத்துல சாவியால ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற ஜாயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தேன். கலவை மணலா கொட்டுது. ஏன்னு எனக்குத் தெரியும், ஏன்னா கட்டும்போது நானும் பக்கத்துல நின்னேன். செங்கலை ஊறவைக்கல. லாரியில இருந்து இறக்கின குவியல் மேல ஹோஸ் பைப்பைப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் தண்ணி காட்டினாங்க, அவ்வளவுதான். மேல் அடுக்கு நனைஞ்சுது, அடியில இருந்ததெல்லாம் சூளைச் சூட்டோட வந்த மாதிரியே காஞ்சு கிடந்துச்சு. காஞ்ச செங்கல் கலவையில இருக்கிற தண்ணியை உறிஞ்சு குடிச்சுடும். சிமெண்ட் இறுகுறதுக்கே அந்தத் தண்ணிதான் வேணும். அது போயிட்டா மிச்சம் இருக்கிறது சாம்பல் நிறத்துல கொஞ்சம் மணல். தொட்டியில போட்டு, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் ஊறவச்சு, எடுத்து மேல் ஈரம் வடிஞ்சதும் கட்டணும். இதுல என்ன ராக்கெட் விடுற வேலை இருக்கு? கேட்டா, "தொட்டி கட்டணும், ஒரு நாள் போயிடும்"னு பதில். ஒரு நாளை மிச்சம் பிடிச்சு என் ஆயுசுல பத்து வருஷத்தைக் கொண்டுபோயிட்டாங்க.

அப்புறம் அந்த நிமிர்ந்த ஜாயிண்ட். படுக்கை வசத்துல கலவையை வாரி வாரிப் போடுவாங்க, 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல 20, 25 கூட இருக்கும். ஆனா ரெண்டு கல்லுக்கு நடுவுல நெட்டுக்குத்தா வர்ற சந்துல? ஓரத்துல மட்டும் ஒரு தீத்தல், உள்ள வெறும் காத்து. பூச்சு பூசினதும் முழுப் பூசணிக்காய் சோத்துக்குள்ள போயிடுது. மழைத் தண்ணி எங்கயோ நுழைஞ்சு, அந்தப் பொந்து வழியா ஓடி, சம்பந்தமே இல்லாத மூலையில கசியும். நாம கசியுற மூலையை அடைச்சுக்கிட்டு இருப்போம். கல்லு முகத்துல இருக்கிற பள்ளத்தைக் கீழ் பார்க்க வச்சா அங்கயும் இதே கதைதான், கலவை உள்ள ஏறாது.

இப்போ சிலிக்கான். அந்த மூணாவது ஆள் பார்க்க ரொம்ப நாகரிகம், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோட வந்தார். விரிசல்ல இருந்த தூசியைத் துடைக்கல. ஈரம் காயட்டும்னு காத்திருக்கல. டியூப்பை வெட்டின உடனே புளிச்ச காடி வாசனை. அந்த வாசனை வந்தாலே தெரிஞ்சுக்கணும், அது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஆகிற ரகம். இறுகும்போது அமிலம் கக்கும். சிமெண்ட்டோ காரத்தன்மை உள்ளது, அதோட சேர்ந்தா பிடிப்பு போயிடும். சுவருக்குன்னு அமிலம் கக்காத ரகம் இருக்கு, பாலியூரித்தேன் சீலண்ட் இருக்கு. "எல்லாம் ஒண்ணுதாங்க." எப்படிங்க ஒண்ணு?

அதை விடக் கொடுமை, குழி எவ்வளவு ஆழம்னு பார்க்காமலே டியூப் தீர்ற வரைக்கும் உள்ள பீச்சினது. சீலண்ட் ரெண்டு பக்கத்துல மட்டும் பிடிக்கணும், சட்டத்துல ஒண்ணு, சுவர்ல ஒண்ணு. அப்பத்தான் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும். பின்னாடியும் ஒட்டிக்கிச்சுன்னா ரப்பர் பேண்டை நடுவுல ஆணி அடிச்ச மாதிரி, இழுத்த உடனே கிழியும். அதுக்குத்தான் முதல்ல நுரைக் கயிறு ஒண்ணை உள்ள அழுத்தி வைக்கிறது. அது மேல விரிசல் அகலத்துல பாதி அளவு தடிமனுக்குச் சீலண்ட் விட்டா போதும். பொருளும் மிச்சம், வேலையும் நிக்கும். இதைச் சொன்னப்போ அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நான் ஏதோ அவர் தொழிலையே கேவலப்படுத்தின மாதிரி.

நியாயமா ஒண்ணையும் ஒத்துக்கணும். பின்பக்கச் சுவர்ல அடியில உப்பு பூத்ததுக்கு நான்தான் காரணம். பூச்செடி வைக்கிறேன்னு சுவரோரமா மண்ணை அணைச்சு ஏத்தினேன். நிலத்து ஈரம் மேல ஏறாம இருக்கத் தரைமட்டத்துக்கு மேல ஒரு தடுப்பு அடுக்கு போட்டிருப்பாங்க இல்ல, அதையும் தாண்டி மண் போயிடுச்சு. ஈரம் நேரா செங்கலுக்குள்ள. அதுவும் தெரியாம உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சேன். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் ஒரு முழம் மேல ஏறிப் பூத்துச்சு. மண்ணை வெட்டி எடுத்த பிறகு, ரொம்ப மெதுவா, காஞ்சுக்கிட்டு வருது. அந்தப் பெயிண்டைச் சிபாரிசு பண்ணின கடைக்காரர் "ரெண்டாவது கோட்டிங் அடிங்க"ன்னு சொன்னதை மட்டும் என்னால மறக்க முடியல.

இன்னொரு அவமானம். மாடிப்படிச் சுவர்ல ஜாயிண்ட் வழியா படிப்படியா இறங்குற ஒரு விரிசல் இருக்கு. அந்த மாதிரி விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குறதாலயும் வரலாம்ங்கிறதால, ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதி வச்சேன். நீளுதா, நின்னுடுச்சான்னு தெரியணும் இல்லையா? நீண்டா பொறியாளரைக் கூப்பிடணும், நின்னா அப்புறம் அடைக்கலாம். நான் ஊருக்குப் போயிருந்த ரெண்டு நாள்ல, ஜன்னலுக்கு வந்த மூணு மகராசன்கள்ல ஒருத்தர் நல்ல மனசோட அந்த விரிசலையும் என் தேதியையும் சேர்த்துப் பூசி விட்டுட்டுப் போயிருக்கார். ஓசியில!

இனி ஆளைக் கூப்பிடுறதா இல்ல. மத்தியானம் நானே உளி, பழைய ஸ்க்ரூ டிரைவர், பிரஷ் எடுத்துக்கிட்டு உக்காந்து ஜன்னல் ஓரத்துல மூணு பேர் அப்பினதையும் தோண்டி எடுத்தேன். சிலிக்கான் பல்லி வால் மாதிரி முழுசா கையோட வந்துச்சு. பட்டி பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. அதுக்குப் பின்னாடி சிமெண்ட் பால் ஓடு. அதையும் தட்டி எடுத்தா உள்ள ரெண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை, உடைஞ்ச செங்கல் சில்லு, அப்புறம் உருட்டித் திணிச்ச ஒரு சாக்குத் துண்டு. வீடு கட்டினப்போ சட்டம் வச்ச ஆள் கலவைக்குப் பதிலா அடைச்சுவிட்டது. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை. எழுத்து இன்னும் அழியாம பளிச்சுன்னு இருக்கு: "ஈரம் படாமல் வைக்கவும்."