எடிட்டிங் கணினிக்குக் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்

குறைந்த செலவில் வீடியோ எடிட்டிங்குக்கும் அனிமேஷனுக்கும் ஒரு கணினி அசெம்பிள் செய்ய வேண்டும் என்று யோசனை கேட்டு வருபவர்களில் பலர், கையில் ஏற்கெனவே ஒரு கொட்டேஷனோடுதான் வருகிறார்கள். ‘எடிட்டிங் பிசி, ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று ஒற்றை வரியும், அதற்கு எதிரே ஒரு மொத்தத் தொகையும் அதில் இருக்கும். எந்தத் தலைமுறை ஐ7, ராம் ஒரே ஸ்டிக்கா இரண்டா, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்ன கம்பெனி என்ற விவரம் எதுவும் இருக்காது. இப்படி மொத்த விலைக்குக் கணினி வாங்குவதுதான் நம் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களும் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பணத்தை இழக்கும் முதல் இடம் என்பது என் உறுதியான கருத்து.

ஐ7 என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ7-3770இன் மேலும் ஐ7 என்றுதான் எழுதியிருக்கும். நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), பழைய டிடிஆர்3 வகை ராம், இன்றைய கேமராக்களும் செல்பேசிகளும் பதிவு செய்யும் எச்.265 என்ற சுருக்க முறை வீடியோவை வன்பொருள் மூலம் பிரித்துப் படிக்கும் வசதி அறவே கிடையாது. 2022 ஜனவரியில் வந்த ஐ5-12400 ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கொண்டது; பெயரில் ஐந்து இருந்தாலும் எடிட்டிங்கில் அந்தப் பழைய ஏழால் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆகவே பிராசசரின் முழு எண்ணும் எழுதப்படாத கொட்டேஷனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது என்பதை நம் மேசைக்கு வரும் ஃபைலும் நாம் ஓட்டும் மென்பொருளும்தான் தீர்மானிக்க வேண்டும். கொங்கு நாட்டில் எடிட்டிங் என்றால் பெரும்பகுதி கல்யாண வீடியோ. கல்யாணச் சடங்குகளைச் செய்துவைக்கும் பெரியவரான அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள் ஒவ்வொன்றும் முழுதாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையின் சகோதரி பங்கேற்கும் இணைச்சீரில் ஒரு நிமிடம் வெட்டினாலும் அத்தை வீட்டிலிருந்து போன் வரும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. ஒரு சராசரி கேமரா 4கேயில் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகிறது. முந்தைய நாள் மாலையிலிருந்து முகூர்த்தம் முடியும் வரை எல்லாக் கேமராக்களும் சேர்ந்து பத்து மணி நேரம் பதிவு செய்திருந்தால் 450 ஜிபி. இரண்டு கல்யாணம் வந்தாலே 1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஏறக்குறைய நிறைந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி அதிலேயே எடிட் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வெறும் வேகத்தைப் பார்த்தால் அது சரியாகவே தோன்றும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான், நான்கு கேமரா என்றாலும் 50 மெகாபைட், அதை எந்த ஹார்ட் டிஸ்க்கும் கொடுத்துவிடும். ஆனால் பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து வெட்டும் மல்டிகேமில் நான்கு ஃபைல்களையும் ஒரே நேரத்தில் ஓட்டும்போது டிஸ்க்கின் ஹெட் நான்கு இடங்களுக்கும் மாறி மாறித் தாவ வேண்டியிருப்பதால் டைம்லைன் திக்கித் திணறுகிறது. வேலையில் இருக்கும் புராஜெக்ட் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலும், முடிந்தவை ஹார்ட் டிஸ்க்கிலும் இருப்பதுதான் சரியான ஏற்பாடு. எஸ்எஸ்டியிலும் கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் சேமிக்கும்) வகை மலிவாகக் கிடைக்கிறது. கல்யாணம் முடிந்த அன்று மெமரி கார்டுகளை மொத்தமாகக் காப்பி செய்யும்போது அதன் கேஷ் (தற்காலிக வேக நினைவகம்) நிறைந்ததும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடக்கூடும் என்பதால், டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி, ஒரே ஒரு எழுத்தால் வரும் நட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ5-12400 என்று ஒரு பிராசசர், ஐ5-12400எஃப் என்று இன்னொன்று. பின்னது சற்று விலை குறைவு, கடைகளில் எளிதாகவும் கிடைக்கும். கோர் எண்ணிக்கையும் வேகமும் ஒன்றுதான். “எஃப் போட்டுக்கலாமுங்ணா, எப்படியும் கிராபிக்ஸ் கார்டு போடறமில்லீங்க” என்று கடையில் சொல்வார்கள். விளையாட்டுக்கு வாங்குபவருக்கு அது சரியான ஆலோசனை. எடிட்டருக்கு அப்படியல்ல, ஏனென்றால் எஃப் வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. அது இல்லாவிட்டால் இன்டெல்லின் குவிக் சிங்க் வசதியும் இல்லை. எச்.264, எச்.265 வீடியோவைப் பிரிக்கும் தனிப் பாதை அந்தக் குவிக் சிங்க்தான். கல்யாண எடிட்டர்கள் ஏராளமானோர் பயன்படுத்தும் எடியஸ் மென்பொருள் அதையே பெரிதும் நம்பியிருக்கிறது, பிரீமியர் புரோவும் பயன்படுத்திக்கொள்கிறது. குறிப்பாக, புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பலரும் வைத்துக்கொள்ளும் எச்.265, 10 பிட், 4:2:2 என்ற, நிறங்களை நுணுக்கமாகப் பதியும் வகையை என்விடியா கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டுகள் 2025இல் வந்த 50 வரிசைக்கு முன்புவரை வன்பொருளில் பிரிக்கவே இல்லை. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் முதலே அதைச் செய்கிறது. சில நூறு ரூபாயோ ஓரிரு ஆயிரமோ மிச்சம் பிடிக்கப் போய், பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கார்டாலும் ஈடுகட்ட முடியாத ஒன்றை இழக்கிறோம். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஐ5-12500 வாங்கலாம். 12400இல் இந்த மீடியா எஞ்சின் ஒன்று, 12500இல் இரண்டு.

எஃப் இல்லாத பிராசசரை வாங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டைச் செருகியவுடன் பல மதர்போர்டுகள் உள்ளமைந்த கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை மீண்டும் இயக்கி வைக்க வேண்டும். பிறகு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால், நாம் விலை கொடுத்து வாங்கிய வசதி பெட்டிக்குள் சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் ராம் ஒற்றைச் சேனலில், அதாவது பாதி அகலப் பாதையில் ஓடுகிறது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போடுவதைவிட 8 ஜிபி இரண்டாகப் போடுவது எப்போதும் மேல். 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி இருந்தால் நிம்மதி, அசையும் எழுத்துகளும் எஃபெக்ட்களும் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் ஓட்டுபவர்களுக்கு அது கட்டாயம். 2025 இறுதியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் எல்லாருக்கும் அது எளிதல்ல என்பதை அறிவேன். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் ராமை அள்ளிக்கொண்டு போவதற்குக் கோபிச்செட்டிபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் விலை கொடுக்கிறார். அப்படிப்பட்டவர்கள் நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இப்போதைக்கு 16 ஜிபி போட்டுக்கொண்டு, 4கே ஃபைல்களுக்குப் பிராக்ஸி உருவாக்கி எடிட் செய்யலாம். சிறிய அளவில் நகல் எடுத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மட்டும் அசல் ஃபைலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் இந்த முறையை நம் ஊரில் ஏனோ கௌரவக் குறைச்சலாகப் பார்க்கிறார்கள்.

முப்பரிமாண அனிமேஷன் என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், காட்சியை இறுதிப் படமாக்கித் தரும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் ரெண்டரர் முழு வேலையையும் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கக்கூடியது. காட்சியில் உள்ள மாடல்கள், டெக்ஸ்சர்கள் அனைத்தும் கார்டின் சொந்த நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், அல்லது ரெண்டர் பாதியில் நின்றுபோகும். இந்த இடத்தில் 4 ஜிபி கார்டு வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவதே. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகை, அதற்குப் பின் 2023இல் வந்த 8 ஜிபி 4060ஐவிட வேகத்தில் பின்தங்கியிருந்தாலும், கனமான காட்சிகளுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். என்விடியா கார்டுகளில் ஆப்டிக்ஸ் என்ற வழியாக சைக்கிள்ஸ் நன்றாக வேகமெடுக்கிறது என்பதால், ஏஎம்டி பிராசசர்களை விரும்பும் நானும் அனிமேஷனுக்கான கார்டு என்றால் என்விடியா பக்கமே நிற்கிறேன்.

ரெண்டர் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் பத்து நொடிக் காட்சிக்கு 240 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு நிமிடம் என்றால் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்துக்குள் மின்சாரம் ஒரு முறையாவது போகும் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். எனவே ஒருபோதும் நேரடியாக வீடியோ ஃபைலாக ரெண்டர் செய்யாமல், ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கும்படி வைத்துவிட்டால் கரண்ட் போன இடத்திலிருந்து தொடரலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிளெண்டரிலேயே உள்ள ஈவீ என்ற இன்னொரு ரெண்டரரில் இதே காட்சி பல நேரம் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற லாட்வியா நாட்டுப் படம் பிளெண்டரில் செய்யப்பட்டு, ஈவீயில்தான் ரெண்டர் ஆனது. கார்டு போதவில்லை என்று வருந்துபவர்கள் அந்த ரெண்டரரைக் கொஞ்சம் பழகிப் பார்க்கலாம்.

மென்பொருள் செலவையும் இதே பட்ஜெட்டில்தான் சேர்க்க வேண்டும் என்பேன். பிளெண்டர் முற்றிலும் இலவசம். இருபரிமாண அனிமேஷனுக்கு ஓப்பன்டூன்ஸும் கிரிட்டாவும் இலவசம், அவற்றுக்குப் பெரிய கார்டும் தேவையில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு 3840 × 2160 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்கிறது. கல்யாண வீட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அது கார்டின் நினைவகத்தை நிறையக் கேட்கும், 4 ஜிபியில் 4கே டைம்லைன் போட்டு இரண்டு எஃபெக்ட் சேர்த்தாலே நினைவகம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை காட்டும். லினக்ஸில் ஓட்டி விண்டோஸ் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், அங்கே இலவச ரிசால்வ் எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்காது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

“சென்டர்ல லேப்டாப்தான் வாங்கோணும்னு சொல்றாங்க தம்பி, வாங்கீரலாமுங்களா?” என்று, பிள்ளையை அனிமேஷன் சென்டரில் சேர்த்துவிட்டுக் கேட்கும் பெற்றோர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். பையனோ பெண்ணோ விடுதியில் தங்கிப் படித்தாலொழிய வேண்டாம். லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஒரே பெயரில் வருவது 35 வாட்டாகவும் இருக்கலாம், 115 வாட்டாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வேலை செய்யாது. அதன் 6 ஜிபி நினைவகத்தைப் பிறகு கூட்டவும் முடியாது. அதே பணத்தில் டெஸ்க்டாப் வாங்கினால், இரண்டு வருடம் கழித்துக் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாரும் கடைசியாகப் பார்க்கும் எஸ்எம்பிஎஸ்தான் உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது. மொத்த விலைக் கணினிகளில் லாபம் எடுக்கப்படும் இடமும் அதுவே. கேபினெட்டோடு சேர்ந்து வரும், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கையில் எடுத்தால் எடையே தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் இணைப்பே பல நேரம் இருக்காது. 12400 உச்சத்தில் 117 வாட், 3060 கார்டு 170 வாட், மற்றவை சேர்ந்து 350 வாட் போல ஆகும். 80 பிளஸ் Bronze (மின்சாரத்தை வீணாக்காத தரத்துக்கான) சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். யுபிஎஸ் 600 விஏ என்றால் சுமார் 360 வாட் மட்டுமே தாங்கும் என்பதால், மானிட்டரையும் சேர்த்து 1 கேவிஏ வாங்குவதுதான் சரி.

பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தறியோ நிட்டிங் மெஷினோ ஓடும் தெருவில் கணினி வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்துப் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். பிராசசரின் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதற்கு அடியில் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் பஞ்சுத்தூசி சாம்பல் நிறக் கம்பளம் போலப் படிந்து, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருக்கும். விரலால் நிமிண்டினால் முழு அடுக்காகவே பெயர்ந்து வரும். பிராசசர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதைத்தான் நாம் ‘சிஸ்டம் பழசாகிவிட்டது’ என்று எண்ணிப் புதியதற்குக் கொட்டேஷன் கேட்கிறோம். முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் உள்ள கேபினெட், மாதம் ஒரு முறை புளோயர் ஆகியவை போதும். புளோயர் அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் பக்கமும் ஏழு வண்ண விளக்கும் கொண்ட கேபினெட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இன்னொரு ராம் ஸ்டிக்கின் விலையில் ஒரு பகுதியாவது தேறும்.

பழைய பொருள் வாங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் எட்டாம் தலைமுறைக்குக் கீழ் உள்ள இன்டெல் பிராசசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஒல்லியான பெட்டிகளில் உள்ள எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியின் தனி வடிவம், பெரிய கார்டு போடவும் இடமிருக்காது. பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பிளெண்டரில் ரெண்டர் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

கோவை காந்திபுரத்தில் வாங்கினாலும் ஈரோட்டில் வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி, மாடல் எண், சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்பார்கள். மூன்று வருட வாரண்டி உள்ள கார்டு இரண்டாம் வருடம் போனால் அந்த மிச்சத்தைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோக்கள் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகவும் எடுத்துக்கொள்ளலாம். கொட்டேஷன் கையில் வைத்திருப்பவர்கள் பாகங்களின் முழு மாடல் எண்ணோடு கீழே கமெண்டில் போடுங்கள், என்ன மென்பொருள், எந்தக் கேமரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரவு வேலை முடிந்ததும் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.